பத்து என்று எழுதினேன்

14.10.2024, திங்கள்

இன்று பன்னிரண்டு. தேத்தண்ணி குடிக்க முன்னமே மூன்று. யாதவி பால் கோப்பையோடு கதிரையில் இருந்தாள். தலை சட்டென்று முன்னால் விழுந்தது, கோப்பை போய்ச் சுவரில் அடித்தது. மனைவி வேணுகா துணியை எடுத்துத் துடைத்தாள். இதைப் பற்றி நாங்கள் இப்போது கதைப்பதே இல்லை. கிட்ட நிற்கிறவர் பிள்ளையைப் பிடிக்கிறது, மற்றவர் துடைக்கிறது. மகளுக்கு ஏழு வயது. பத்து மாதக் குழந்தையாக இருந்தபோது தொடங்கிய வலிப்பு. ஆறு வருடமாக வீடு இப்படித்தான் ஓடுகிறது.

ஹோட்டலில் மத்தியானச் சமையலுக்கும் இரவுச் சமையலுக்கும் நடுவில் எனக்கு இரண்டரை மணி நேரம் ஓய்வு. மற்றவர்கள் படுப்பார்கள், புகைப்பார்கள். நான் குசினிக்குக் கீழே உடுப்பு மாற்றும் அறையில் இருந்து இந்தக் கொப்பியில் எழுதுகிறேன். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஒருவருக்கும் விளக்கம் சொல்லத் தேவையில்லாத இடம் இது ஒன்றுதான்.

22.10.2024, செவ்வாய்

பேர்ண் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தோம். இன்டர்லாக்கனிலிருந்து ரயிலில் ஐம்பது நிமிடம், அதற்குள் நான்கு. எதிரே இருந்த உல்லாசப் பயணிகள் மலையைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். யாதவி விறைத்ததைக் கண்டதும் கமராவை மடியில் வைத்துவிட்டு யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். நல்ல மனிதர்கள்.

ஐந்து வருடமாக இவளைப் பார்க்கும் நரம்பு டொக்டர் ரீடர், ஆறாவது மருந்தும் சரிவரவில்லை என்று தானே சொல்லிவிட்டார். அப்படிச் சொல்லுகிற டொக்டர்மார் குறைவு. பிறகு இன்னொரு வழி இருக்கிறது என்றார். கஞ்சாச் செடியிலிருந்து எடுக்கும் எண்ணெய்.

"என்னவாம்?" என்று வேணுகா கேட்டாள். வந்து எட்டு வருடமாகியும் கடைக்குப் போகிற அளவுக்குத்தான் அவளுக்கு ஜெர்மன். ஆஸ்பத்திரியில் எப்போதும் நான்தான் மொழிபெயர்ப்பு. சொன்னேன்.

"கஞ்சாவோ? இந்தப் பச்சைப் பிள்ளைக்கோ?"

அவளுடைய முகத்தைப் பார்த்தே டொக்டருக்கு விளங்கிவிட்டது. வெறி தருகிற பகுதி இதில் இல்லையென்றே சொல்லலாம் என்றார். முன்பென்றால் ஒவ்வொரு நோயாளிக்கும் மத்திய அலுவலகத்திடம் தனி அனுமதி எடுக்க வேண்டுமாம். சட்டம் மாறி இரண்டு வருடமாகிறது, இப்போது அவரே எழுதலாம். ஆனால் செலவை ஏற்கலாம் என்று கிராங்கன்காஸ, அதுதான் எங்கள் மருத்துவக் காப்புறுதி, முதலில் கடிதம் தர வேண்டும். அது தராவிட்டால் என்னுடைய சம்பளத்தில் வாங்குகிற சாமான் இல்லை.

"ஒரு நாளைக்குச் சராசரியாக எத்தனை வலிப்பு?" விண்ணப்பத்தில் எழுத வேண்டுமாம்.

எட்டு வரும் நாளும் உண்டு, பதினாலு வரும் நாளும் உண்டு. பத்து என்றேன்.

திரும்பி வரும்போது வேணுகா கேட்டாள். "சனம் கேட்டால் என்ன சொல்லுறது?"

"மருந்தெண்டு சொல்லும்."

"என்ன மருந்தெண்டு கேட்பினம்."

"தமிழில பேரில்லாத மருந்தெண்டு சொல்லும்."

சிரிக்க வந்தது அவளுக்கு. சிரிக்கவில்லை.

24.10.2024, வியாழன்

வரதராசா அண்ணையிடம் மட்டும் சொன்னேன். எங்கள் குசினியில் பாத்திரம் கழுவுகிறவர், அறுபத்தொரு வயது. இருபத்தெட்டு வருடமாக இந்த நாட்டின் அலுவலகங்களோடு மல்லுக்கட்டிய மனிதர். எந்தக் கடிதம் வந்தாலும் நான் அவரிடம்தான் காட்டுவேன்.

"மிஞ்சினால் ரெண்டு துளி எனக்கும் கொண்டு வா தம்பி. இந்த ஷெஃப்போட வேலை செய்யிறதுக்கு அது வேணும்" என்றார்.

ஒரு கிழமைக்குப் பிறகு இன்றுதான் சிரித்தேன்.

19.11.2024, செவ்வாய்

கடிதம் வந்தது. மூன்று மாதம் பரீட்சார்த்தமாகத் தருகிறார்கள். 'பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ பத்து வலிப்பு ஏற்படுவதைக் கருத்தில் கொண்டு' என்று எழுதியிருக்கிறது. மூன்று மாதம் முடிய வலிப்பு நாட்காட்டியைப் பார்த்து மேற்கொண்டு தருவதா என்று தீர்மானிப்பார்களாம். ஒரு நாளுக்கு ஒரு கட்டம். எத்தனை என்று அதில் எழுத வேண்டும்.

வாய்க்கு வந்தபடி சொன்ன பத்து இப்போது அச்சில் நிற்கிறது.

25.11.2024, திங்கள்

முதல் நாள். ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்து வாய்க்குள் விடுகிறது. யாதவி முகத்தைச் சுழித்தாள், துப்பவில்லை. வேணுகா போத்தலை மணந்து பார்த்தாள். "நல்லெண்ணெய் மாதிரியும் இல்லை, ஒண்டு மாதிரியும் இல்லை" என்றாள். பிறகு விளக்கு வைக்கப் போய்விட்டாள்.

பதினொன்று.

2.12.2024, திங்கள்

ஒரு கிழமையாகிறது. பத்து, பதினொன்று, ஒன்பது, பதின்மூன்று. மாற்றம் இல்லை. கெதியாக எதிர்பார்க்க வேண்டாம் என்றுதான் டொக்டரும் சொன்னார்.

நாட்காட்டியில் எழுத உட்கார்ந்தால் எனக்குப் பழைய விசாரணைதான் ஞாபகம் வருகிறது. சிரிக்கிற விசயம்தான், எழுதி வைக்கிறேன். 2010 இல் இங்கே வந்தபோது முதலாவது அகதி விசாரணையில், ஊரில் உன்னைப் பிடித்து எத்தனை நாள் வைத்திருந்தார்கள் என்று கேட்டார்கள். பதினான்கு என்றேன். ஏழு மாதத்துக்குப் பிறகு இரண்டாவது விசாரணை, அதே கேள்வி. பதினேழு என்றேன். யன்னல் இல்லாத அறையில் இருந்தவன் நாளை எப்படி எண்ணுவது? அதை ஒருவரும் கேட்கவில்லை. வாக்குமூலங்கள் முரண்படுகின்றன என்று நிராகரித்தார்கள். அந்த மூன்று நாள் வித்தியாசத்துக்கு நான் ஐந்து வருடம் காத்துக் கிடந்தேன். முகாமில் இருந்த பெடியள் எல்லோரும் புதிதாக வருகிறவனுக்குச் சொல்வது ஒன்றுதான்: முதல் என்ன சொன்னியோ அதையே சொல்லு.

நேற்றுப் பதின்மூன்று வந்தது. நாட்காட்டியில் பத்து என்று எழுதினேன். முந்தநாள் ஒன்பது. அதற்கும் பத்து. சும்மா ஒரு ஒழுங்குக்கு. வெட்டுக் குத்து இருக்கக் கூடாது என்று இன்னொரு தாளில் திருப்பி வடிவாக எழுதினேன். வெட்டியிருந்தால் பொய் சொல்கிறான் என்று நினைப்பார்கள்.

13.12.2024, வெள்ளி

வேணுகா பகலில் எனக்குப் போன் எடுப்பதில்லை. இன்று எடுத்தாள். நான் குளிர் அறைக்குள் சலாட் பெட்டி தூக்கிக்கொண்டு நின்றேன், பெட்டியை அப்படியே தரையில் வைத்துவிட்டுப் போனை எடுத்தேன்.

"ஒண்டுமில்லை, பயப்பிடாதேங்கோ. அஞ்சு."

"என்ன அஞ்சு?"

"உரத்துக் கேளாதேங்கோ. நாவூறு படும். இந்தக் கிழமை முழுக்க ஆறு, அஞ்சு. நான் சொல்லாமல் வச்சிருந்தனான்."

நான் காலையில் போனால் இரவுதான் வீடு. பகல் கணக்கு அவள் சொன்னால்தான் எனக்குத் தெரியும். நாவூறுக்குப் பயந்து அவள் நாலு நாளாகச் 'சரிதான்' என்று மட்டும் சொல்லியிருக்கிறாள். நானும் பத்து, பத்து என்று நிரப்பியிருக்கிறேன்.

கடவுளே, ஐந்து.

18.12.2024, புதன்

வரதராசா அண்ணையிடம் கேட்டேன். ஐந்து என்று எழுதட்டோ?

கையில் நுரையோடு என்னைப் பார்த்தார். அவருடைய கதை எனக்குத் தெரியும், என்றாலும் திரும்பச் சொன்னார். முதுகு முறிந்து அவருக்கு ஊனமுற்றோர் உதவி கிடைத்துக்கொண்டிருந்தது. மீளாய்வுக்குக் கூப்பிட்டார்கள். போனவுடன் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டார்களாம்.

"மரியாதைக்குச் சொன்னன் தம்பி, இப்ப கொஞ்சம் பரவாயில்லை எண்டு. வெட்டிப்போட்டாங்கள். அந்த ஒரு சொல்லுக்குத்தான் இந்த முதுகோட இஞ்ச நிண்டு கழுவுறன். உன்ர பிள்ளைக்குப் பத்து வருது எண்டுதானே மருந்து தந்தவங்கள்? அஞ்செண்டு எழுதினால், சுகம் வந்திட்டுதே, பிறகேன் மருந்து எண்டு கேட்பாங்கள்."

அப்படித்தான் கேட்பார்கள். அலுவலகம் என்றால் அதுதான்.

ஒன்பது என்று எழுதினேன். சந்தேகம் வராமல் இருக்க ஒரு நாள் பத்து.

29.12.2024, ஞாயிறு

பனிக்காலக் கூட்டம். ஹோட்டல் நிரம்பி வழிகிறது. ஒன்பது நாளாக லீவு இல்லை. நாலு. நாலு. மூன்று.

7.1.2025, செவ்வாய்

ஆஸ்பத்திரியிலிருந்து நேர்ஸ் போன் எடுத்தா. எப்படி இருக்கிறாள் என்று கேட்டா.

"கொஞ்சம் குறைவு. பெரிய மாற்றம் இல்லை."

போனை வைத்துப் பத்து நிமிடத்தில் வேணுகா ஒரு வீடியோ அனுப்பினாள். யாதவி சப்பாத்துப் போடுகிறாள். இரண்டையும் கால் மாறிப் போடுகிறாள், ஆனால் தானே போடுகிறாள். நடுவில் நின்றுபோகவில்லை. ஒரு வேலையைத் தொடங்கி முடிக்கிற யாதவியை நான் இதற்கு முன் கண்டதில்லை.

உடுப்பு அறைக் கதவைப் பூட்டிக்கொண்டு ஆறு தரம் பார்த்தேன்.

14.1.2025, செவ்வாய்

பொங்கல். லீவு தந்தார்கள். மின் அடுப்பில்தான் பொங்கினோம், புகை மணிக்குப் பயந்து யன்னல் எல்லாம் திறந்து. வீடு குளிரில் விறைத்துப் போனது. யாதவி ஜக்கெட்டோடு நின்று பால் பொங்குவதைப் பார்த்தாள். பொங்கும் வரைக்கும் பார்த்தாள்.

ஒன்றும் வரவில்லை. காலையிலிருந்து ஒன்றும் இல்லை. இரண்டு பேரும் மணிக்கூட்டைப் பார்ப்பதும் மற்றவர் காணாமல் திரும்புவதுமாக இருந்தோம். படுக்கப் போகும்போது வேணுகா என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

நாட்காட்டியில் பூச்சியம் போட எனக்குத் துணிவில்லை. பத்து வந்த பிள்ளைக்குப் பூச்சியமா? யார் நம்புவான்? எட்டு என்று எழுதினேன்.

இது சரியோ? எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் மருந்து நின்றால்?

18.2.2025, செவ்வாய்

பேர்ண். மூன்று மாதக் கணக்கை டொக்டர் ரீடரிடம் கொடுத்தேன். பக்கம் பக்கமாக ஒன்பது, ஒன்பது, பத்து, எட்டு. நல்ல கையெழுத்து.

வேணுகா கலியாணங்களுக்குப் போடுகிற கோட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். உட்கார முன்னமே தொடங்கிவிட்டாள். "டொக்டருக்குச் சொல்லுங்கோ, இப்ப ரெண்டு மூண்டுதான் வருது. பொங்கலண்டைக்கு ஒண்டுமே இல்லை. சிரிக்கிறா. அம்மா எண்டு கூப்பிட்டிட்டு ஏன் கூப்பிட்டனான் எண்டு மறக்கிறதில்லை இப்ப. டொக்டரைக் கும்பிட்டனான் எண்டு சொல்லுங்கோ."

நான் சொன்னேன்: "கொஞ்சம் பரவாயில்லை என்று மனைவி நினைக்கிறார். ஆனால் இன்னும் நிறைய வருகிறது. மருந்து தொடர்ந்து தேவை."

டொக்டர் தாளைப் பார்த்தார். பிறகு வேணுகாவின் முகத்தைப் பார்த்தார். "உங்கள் மனைவி இதைவிட அதிகம் சொன்ன மாதிரி இருந்ததே."

"தமிழில் எல்லாம் நீளம்" என்றேன்.

அவர் சிரித்தார். அதைக் கண்டு வேணுகாவும் சிரித்தாள், தான் சொன்ன நல்ல செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது என்று நினைத்து. எனக்கு அந்த இடத்தில் இருக்க முடியவில்லை. தண்ணீர் குடிக்கப் போகிறேன் என்று எழும்பிப் போனேன்.

என்னுடைய விசாரணையில் மொழிபெயர்த்தவன் நான் சொன்னதில் பாதியை விழுங்கினான் என்று இத்தனை வருடமும் ஏசியிருக்கிறேன்.

6.3.2025, வியாழன்

கடிதம். 'வலிப்பின் எண்ணிக்கையில் குறிப்பிடத்தக்க குறைவு பதிவாகவில்லை. சிகிச்சையின் பயன் நிரூபிக்கப்படாததால் செலவுப் பொறுப்பு நீடிக்கப்படமாட்டாது.' இரண்டு கிழமையில் அளவைக் குறைத்து நிறுத்த வேண்டும்.

என்ன செய்துபோட்டன். என்ன வேலை செய்துபோட்டன் நான். பயன் இல்லையாம். ஒன்பது ஒன்பதெண்டு எழுதினது ஆர்? நான்தானே. மருந்து வேலை செய்யேல்லை எண்டு என்ர கையாலேயே எழுதிக் குடுத்திருக்கிறன். வருத்தம் இருந்தால்தான் மருந்து தருவாங்கள் எண்டு நினைச்சன். மருந்து வேலை செய்தால்தான் மருந்து தருவாங்கள் எண்டு ஒரு நாளும் எனக்கு ஓடேல்லையே. விசரன்.

7.3.2025, வெள்ளி

வேணுகாவுக்கு இன்னும் சொல்லவில்லை.

9.3.2025, ஞாயிறு

சொன்னேன். யாதவி தரையில் இருந்து பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். முதலில் கடிதத்தைச் சொன்னேன். "அதெப்பிடி? பிழையாய் வாசிச்சிருப்பாங்கள். போன் எடுத்துச் சொல்லுங்கோவன்" என்றாள். பிறகு மற்றதைச் சொன்னேன். நாட்காட்டியின் பிரதியை எடுத்துக் காட்டினேன். எண் வாசிக்க ஜெர்மன் தேவையில்லை.

தைப்பொங்கல் திகதியில் விரலை வைத்தாள்.

"இது எட்டோ?"

"ஓம்."

"அண்டைக்கு நான் உங்கட கையைப் பிடிச்சனான்."

"ஓம்."

"பிடிச்சுப்போட்டுப் போய்ப் படுக்க, நீங்கள் இருந்து எட்டெண்டு எழுதினனீங்களோ?"

ஏசினால் நல்லாயிருக்கும் என்று பார்த்தேன். ஏசவில்லை. ஆஸ்பத்திரியில் தான் சொன்னதை நான் எப்படிச் சொன்னேன் என்று கேட்டாள். அதையும் சொன்னேன். எழும்பி யாதவியைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்விட்டாள். பிள்ளைக்கு ஏழு வயது, பாரம். தூக்கிக்கொண்டுதான் போனாள்.

12.3.2025, புதன்

பேச்சு இல்லை. சாப்பாடு மேசையில் மூடியிருக்கிறது. குளிர்பெட்டிக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறாள், வேணுகாவின் கையால் கோடு கோடாக. அளவைக் குறைக்கத் தொடங்கி மூன்றாம் நாள். நேற்று நாலு. இன்று ஏழு.

14.3.2025, வெள்ளி

டொக்டர் ரீடரிடம் போனோம். போக முன்னமே வேணுகா ஒன்று சொன்னாள், ஐந்து நாளில் அதுதான் முதல் பேச்சு: "எனக்கு வேற ஆள் மொழிபெயர்க்க வேணும்." ஆஸ்பத்திரியில் போன் வழியாக ஒரு தமிழ்ப் பெண்ணைப் பிடித்துக் கொடுத்தார்கள். மேசையில் ஸ்பீக்கரை வைத்தார்கள். என்னுடைய மனைவி, என்னுடைய பிள்ளை, நான் பக்கத்துக் கதிரையில் சும்மா இருந்தேன்.

நான் எல்லாவற்றையும் டொக்டரிடம் சொன்னேன். பதினான்கு நாள், பதினேழு நாள் கதை உட்பட. அவர் பேனையை வைத்துவிட்டுக் கேட்டார்.

"இப்போது சொல்வதுதான் உண்மை என்று காப்புறுதிக்காரர்கள் ஏன் நம்ப வேண்டும்?"

"என்னுடைய கொப்பியில் சரியான கணக்கு இருக்கிறது."

"அதையும் நீங்கள்தானே எழுதினீர்கள்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

ஒரு வழி சொன்னார். எண்ணெய் இல்லாமல் நாலு நாள் ஆஸ்பத்திரியில் வைத்துத் தலையில் வயர் பூட்டி மெசினில் எண்ணுவது. பிறகு மருந்து செய்கிற கம்பனியிடம் தான் கேட்டு இரண்டு போத்தல் எடுத்துத் தருவார். அதைக் கொடுத்து ஐந்து கிழமைக்குப் பிறகு திரும்பவும் நாலு நாள். அதாவது நான் எழுதாமல் விட்டதைப் பிள்ளை திரும்பவும் பட்டுக் காட்ட வேண்டும்.

"முதல் நாட்காட்டிக்கு ஒரு காரணம் எழுத வேண்டும்" என்றார் டொக்டர். "மொழி காரணமாக ஏற்பட்ட தவறான விளக்கம் என்று எழுதலாம். அப்படி எழுதினால் உங்களுக்குச் சிக்கல் இல்லை."

எனக்கு உயிர் வந்தது. தலையாட்டத்தான் போனேன். அதற்குள் போனில் இருந்த பெண் அதை வேணுகாவுக்குத் தமிழில் சொல்லிவிட்டாள்.

வேணுகா என்னைப் பார்க்காமல் போனைப் பார்த்துச் சொன்னாள். "அவருக்கு ஜெர்மன் நல்லா விளங்கும். இனியும் ஒண்டை இட்டுக்கட்டி, அதையும் எத்தினை தரத்துக்குத் திருப்பித் திருப்பிச் சொல்லுறது?"

போனில் இருந்த பெண் மொழிபெயர்க்காமல் நின்றுவிட்டாள். நான் மொழிபெயர்த்தேன், ஒரு சொல் விடாமல். பிறகு என் பங்குக்குச் சொன்னேன்: "பயத்தில் எழுதினேன் என்று எழுதுங்கள்."

17.3.2025, திங்கள்

டொக்டரின் கடிதத்தோடு நானும் ஒன்று எழுதிக் கொடுத்தேன். மூன்று வரி. 'நாட்காட்டியில் உள்ள எண்கள் உண்மையல்ல. மருந்து நின்றுவிடும் என்ற பயத்தில் நானே எழுதினேன். மனைவிக்குத் தெரியாது.' ஒரு இடத்தில் எழுத்துப் பிழைத்து வெட்டினேன். திருப்பி எழுதவில்லை.

வரதராசா அண்ணை கேட்டுவிட்டு, "விசரோ உனக்கு? கையெழுத்துப் போட்டு ஒப்புக்கொண்டனியோ? நாளைக்கு விசாவில கை வச்சால்?" என்று சத்தம் போட்டார். அதை நான் யோசிக்காமல் இல்லை. வேலை முடிந்து போகும்போது கிட்ட வந்தார். "நான் என்ர கதையைச் சொல்லியிருக்கக் கூடாது தம்பி" என்றார். நீங்கள் என்ன செய்வீர்கள் அண்ணை, எழுதினது நான்தானே என்றேன்.

24.3.2025, திங்கள்

எண்ணெய் நின்று நாலாம் நாள். ஆஸ்பத்திரி. தலை முழுக்க வயர், மேலே வெள்ளைத் துணி சுற்றியிருக்கிறார்கள். யாதவி கதிரையில் இருந்து விழுந்து வாய்ச்சொண்டு வெடித்தது. இரண்டு கிழமைக்கு முன்பு தானே சப்பாத்துப் போட்ட பிள்ளை.

பதின்மூன்று. நேர்ஸ் எழுதுகிறா, மெசின் எழுதுகிறது. எனக்கு எழுத வேலை இல்லை.

27.3.2025, வியாழன்

11, 15, 12. நித்திரையில் வருவதை நாங்கள் ஆறு வருடமாகக் கண்டதே இல்லையாம், மெசின்தான் கண்டது. நான் சொன்ன பத்து ஒரு நாளும் உண்மையாக இருந்ததில்லை.

மத்தியானம் யாதவி என்னைப் பார்த்து, "அப்பா, எனக்கு" என்றாள். அதோடு நின்றுவிட்டாள். என்ன வேண்டும் என்று நானும் வேணுகாவும் மாறி மாறிக் கேட்டோம். தண்ணீர் காட்டினோம், பொம்மை காட்டினோம். தான் கேட்டதே அவளுக்கு ஞாபகம் இல்லை. இது எல்லாம் நான் வாங்கிக் கொடுத்தது. வேறு ஆரையும் ஏச எனக்கு வழியில்லை.

அடுத்த வலிப்பில் தண்ணீர் தட்டுப்பட்டுக் கொட்டியது. வேணுகா வாளியில் துணியை நனைத்து எனக்குத் தந்தாள். பிள்ளையை அவள் பிடித்தாள், நான் துடைத்தேன்.

5.4.2025, சனி

போத்தல் வந்தது. திரும்பவும் தொடக்கத்திலிருந்து.

30.4.2025, புதன்

குளிர்பெட்டித் தாளில் வேணுகாவின் கோடுகள்: ஆறு. நாலு. ஐந்து. அவள்தான் எண்ணுகிறாள், அவள்தான் எழுதுகிறாள். கிழமையில் இரண்டு நாள் ஜெர்மன் வகுப்புக்கும் போகத் தொடங்கியிருக்கிறாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் சொல்லுவாள்.

15.5.2025, வியாழன்

இரண்டாவது முறை ஆஸ்பத்திரி முடிந்தது. மெசின் கணக்கு: 3, 1, 2, 0.

பூச்சியத்தை நேர்ஸ் சும்மா எழுதிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனா.

10.6.2025, செவ்வாய்

கடிதம் வந்தது. ஒரு வருடத்துக்கு ஏற்றுக்கொள்கிறார்கள். நாட்காட்டியைத் தாயும் பாடசாலையும் மட்டுமே நிரப்ப வேண்டும் என்று ஒரு நிபந்தனை. தகப்பன் என்ற சொல்லே அதில் இல்லை. வேணுகா அகராதியை வைத்துக்கொண்டு தானே வாசித்தாள். அந்த வரிக்கு வந்ததும் நிறுத்தி, "இதில உங்களைப் பற்றி ஒண்டும் இல்லை" என்றாள். நல்ல குணம்தான். விசா பற்றி ஒரு கடிதமும் இதுவரை இல்லை. வரும் என்று இன்னமும் தபால் பெட்டியைப் பயத்தோடுதான் திறக்கிறேன்.

களைப்பாக இருக்கிறது. சந்தோசப்படக்கூடக் களைப்பாக இருக்கிறது.

22.6.2025, ஞாயிறு

லீவு. வெயில். மத்தியானம் சோறு, பருப்பு, போஞ்சிக்காய்ப் பிரட்டல். யாதவிக்குப் போஞ்சி பிடிக்காது. சாப்பாட்டுக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு தானே எழும்பிப் பல்கனிப் பக்கம் போனாள், விழுந்துவிடுவாளோ என்று நான் கதிரையை விட்டு அரைவாசி எழும்பினேன். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து வெறுங்கோப்பையை மேசையில் வைத்தாள்.

"போஞ்சி எல்லாம் சாப்பிட்டாச்சோ?" என்று வேணுகா கேட்டாள்.

"ஓம் அம்மா. எல்லாம் சாப்பிட்டிட்டன்."

நேராகத் தாயின் கண்ணைப் பார்த்துச் சொன்னாள். கண்ணைக்கூட வெட்டவில்லை.

வேணுகா பல்கனிக்குப் போய்ப் பார்த்தாள். கறிவேப்பிலைச் சட்டிக்குள் போஞ்சி முழுவதும் கிடந்தது, மேலே மண்ணும் தூவியிருந்தது. அங்கேயே குனிந்தபடி நின்றாள், திரும்பவில்லை. நானும் போனேன். ஒளிக்க வேண்டும் என்று நினைத்து, எடுத்துக்கொண்டு நடந்து, மண் போட்டு மூடி, திரும்பி வந்து, கேட்டபோது பதிலும் சொல்லியிருக்கிறாள். நடுவில் ஒரு இடத்திலும் அறுபடவில்லை. 'அப்பா, எனக்கு' என்று தொடங்கி, கேட்டதையே மறந்த பிள்ளை.

ஏழு வயதில் என்ர பிள்ளை முதல் பொய் சொல்லிப்போட்டாள்.

வேணுகா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். "பொய் சொல்லப் பழகவிடக் கூடாது. நீங்கள் ஏசுங்கோ" என்றாள்.

"நீர் ஏசும்" என்றேன்.

யாதவி மேசையில் இருந்து எங்கள் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏச வேண்டும் என்றுதான் இரண்டு பேரும் உள்ளே போனோம். வேணுகா அவளுக்கு இன்னும் கொஞ்சம் சோறு போட்டாள். நான் பருப்பை ஊற்றினேன்.